அறிகுறிகள் தெரிந்தும் ஏன் கேட்பதில்லை?

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் பொறுப்பு மருத்துவர் நான். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு பற்றிச் செவிலியர்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்தோம். அறிகுறிகளைச் சரியாகச் சொல்கிறார்கள். ஆனால் தாய்மார்களிடம் யாரும் கேட்பதே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: பெரும்பாலும் பயம்தான் காரணம். "செத்துவிடலாம் போலிருக்கிறது" என்று ஒரு தாய் சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவர், அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார். அதனால் முதலில் வழியைத் தீர்மானியுங்கள். யாரை அழைப்பது, அன்றே பார்க்கப்போகும் மருத்துவர் யார், அதுவரை தாயுடன் இருப்பது யார் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வகுப்பெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கேட்பதற்கு எடின்பரோ கேள்வித்தாள் போதும். 1987இல் வந்தது, கடந்த 7 நாட்களைப் பற்றிய 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். அது நோயை உறுதி செய்யாது. பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே பேச வேண்டும்.

பயிற்சி நேரத்தில் பாதியை இருவர் இருவராக நடித்துப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். "நல்லா இருக்கீங்கல்ல?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் வரும். "இந்த ஒரு வாரமா மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாய் திறக்காமல் இருப்பது பழகினால்தான் வரும். குடும்பத்தினர் பக்கத்தில் இருந்தால் உண்மை வெளிவராது. தடுப்பூசிக்கு வரும்போது ஒருவர் குழந்தையை எடை பார்க்கட்டும், இன்னொருவர் தாயைத் தனியே அழைத்துப் பேசட்டும். குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லையா என்று அவசியம் கேட்கச் சொல்லுங்கள்.

முதல் சில நாட்களின் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். தணியாவிட்டால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். இல்லாத குரல் கேட்பது, குழப்பம், தூக்கமே தேவைப்படாதது போன்ற பரபரப்பு தெரிந்தால் அவசர சிகிச்சைக்கு உடனே அனுப்ப வேண்டும். ரத்தசோகை, தைராய்டு பரிசோதனைகளையும் விட்டுவிடாதீர்கள்.

செவிலியர்களால் இவ்வளவு முடியுமா என்ற சந்தேகம் வேண்டாம். பாகிஸ்தான் கிராமங்களில் மனநலப் பின்னணி இல்லாத சுகாதாரப் பணியாளர்கள், மனச்சோர்வுள்ள தாய்மார்களுக்கு வீடு தேடிச் சென்று ஆலோசனை அளித்தார்கள். 2008இல் வெளியான முடிவுப்படி, ஆறு மாதத்தில் அவர்களிடம் ஆலோசனை பெற்றவர்களில் 23 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 53 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு நீடித்தது. அந்தப் பணியாளர்களுக்கு மாதாமாதம் மேற்பார்வைக் கூட்டம் நடந்தது. உங்கள் ஒரு நாள் வகுப்பில் இல்லாதது அதுதான். மாதம் அரை நாள் ஒதுக்கி, பார்த்த தாய்மார்களைப் பற்றிப் பெயர் சொல்லாமல் பேசவிடுங்கள். முதல் கூட்டத்தில், கேட்கத் தயங்கிய இடங்களைப் பற்றி மட்டும் பேசினாலே போதும்.