குழி பறித்து மண்ணில் படுக்கும் நாய்: வெயிலா, வியாதியா?

கேள்வி: கரூரில் இருக்கிறோம். எங்கள் லேப்ரடார் பெண் நாய். 4 வயது, 30 கிலோ, கருத்தடை செய்யவில்லை. சித்திரை பிறந்ததிலிருந்து தோட்டத்தைப் பறித்து, குழியிலேயே படுத்துக்கிடக்கிறது. சிமெண்ட் ஷீட் கூரை, டைல்ஸ் தரை போட்டுக் கட்டிக்கொடுத்த கூண்டுக்குள் போவதே இல்லை. அரளிச் செடிக்கு அடியில் ஒரு குழி, ரோஜாச் செடிகளுக்குப் பக்கத்தில் ஒன்று, சுற்றுச்சுவர் ஓரமாக நாலைந்து. கடைசியாகப் பருவத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அடிவயிற்றில் சிவப்பாகப் பொரிப்பொரியாக இருக்கிறது. திட்டியும் அடித்தும் பார்த்தாயிற்று, கேட்கவில்லை. வீட்டில் 3 வயதுக் குழந்தை வேறு இருக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, கரூர்

பதில்: முதலில் அடிப்பதை நிறுத்திவிடுங்கள். இந்த வெயிலில் லேப்ரடார் குழி பறித்துப் படுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பெரும்பாலும் சூடுதான் காரணம். ஆனால் பருவத்துக்கு வந்து இரண்டு மாதம், வயிற்றில் சிவப்பு, அரளிச் செடி என்று மூன்றை எழுதியிருக்கிறீர்கள். அவற்றை வெயில் கணக்கில் எழுதிவிட முடியாது.

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், அது போதாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதன் முக்கிய வழி. அதுவும் போதாதபோது குளிர்ந்த இடத்தில் வயிற்றை வைத்து அழுத்திப் படுக்கும். அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் முடி குறைவு, இரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகிலேயே ஓடுகின்றன. பின்னங்கால்களைத் தவளை மாதிரி விரித்து அது படுப்பது இதற்காகத்தான். மேல்மண் சுட்டாலும் அரை அடி, முக்கால் அடிக்குக் கீழே ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும். அதைத் தேடித்தான் பறிக்கிறது.

கூண்டுக்கு ஏன் போவதில்லை என்று பார்க்க மதியம் 2 மணிக்கு ஒரு கையை டைல்ஸ் மேலும் இன்னொரு கையைக் குழிக்குள்ளும் வையுங்கள். சிமெண்ட் ஷீட் காலையிலிருந்து வாங்கிய சூட்டைச் சாயங்காலம் வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். காற்றோட்டம் இல்லாவிட்டால் டைல்ஸ் தரையும் சேர்ந்து சுடும். கூரைக்கு மேல் ஒரு அடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று போடுங்கள். உள்ளே கயிற்றுக் கட்டில் ஒன்றைப் போட்டால் அடியிலும் காற்றுப் போகும். இதைச் செய்தாலே பாதி நாய்கள் கூண்டுக்குத் திரும்பிவிடும்.

குழி இருக்கும் இடத்தையும் அதன் வடிவத்தையும் பார்த்தாலே காரணம் ஓரளவு தெரியும். சூட்டுக்காகப் பறித்த குழி ஆழம் குறைந்து, உடம்பு அடங்கும் அகலத்தில், நிழலிலோ தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்திலோ இருக்கும். பறித்ததும் அதில் படுத்துவிடும். சுவர் ஓரம் வரிசையாக, குறுகலாக, மூக்கை நுழைத்து நுழைத்துப் பறித்திருந்தால் பெருச்சாளி வேட்டை. கேட்டுக்கு அடியில் என்றால் வெளியே போகும் எண்ணம். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கண்ட இடத்தில் பறித்தால் பொழுதுபோகாத கோளாறு. லேப்ரடாருக்குத் தினமும் முக்கால் மணி நேரமாவது நடையும் விளையாட்டும் வேண்டும், இப்போதைக்கு அது காலை 7 மணிக்குள் முடிய வேண்டும். உங்கள் சுவரோரக் குழிகள் அநேகமாகப் பெருச்சாளிக்கானவை. பெருச்சாளி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். பெருச்சாளியின் சிறுநீர் பட்ட ஈரமண் வழியாக எலிக்காய்ச்சலும் வரும். ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கானது சேர்ந்திருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். எல்லா வகையிலும் அது இருக்காது. வளைகளைக் கல்லும் சிமெண்டும் வைத்து அடையுங்கள். எலி மருந்து மட்டும் வைக்காதீர்கள், அதை முதலில் தின்பது உங்கள் நாயாகத்தான் இருக்கும்.

இப்போது பருவ விஷயம். சினையாகாத நாய்க்கும் பருவம் முடிந்து 6 முதல் 12 வாரத்துக்குள் உடம்பு சினை போலவே நடந்துகொள்வது உண்டு. பொய்ச்சினை என்போம். குட்டி போட இடம் தேடுவது போல மூலையிலும் மண்ணிலும் பறிக்கும், பொம்மையையோ செருப்பையோ குட்டி மாதிரி காவல் காக்கும், காம்புகள் பருத்துச் சில நேரம் பாலும் வரும். பாலைப் பீய்ச்சிப் பார்க்காதீர்கள், பீய்ச்சினால் இன்னும் ஊறும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கிவிடும். மடி கல்லாகி, சூடாகி, சிவந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். (பருவத்தின்போது ஆண் நாய் சேர்ந்திருக்க வாய்ப்பிருந்தால் உடனே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள்தான். இரண்டு மாதம் என்றால் பிரசவமே நெருங்கியிருக்கலாம்.)

பொய்ச்சினையைவிட நான் பயப்படுவது கருப்பையில் சீழ் பிடிப்பதைப் பற்றி. கருத்தடை செய்யாத நாய்களுக்கு, பருவம் முடிந்து ஒன்றிலிருந்து இரண்டு மாதத்தில் வருவது இது. சோர்வாகக் குளிர்ந்த மண்ணில் கிடக்கும், நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறைய மூத்திரம் போகும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகும். சீழ் வெளியே கசிந்தால் வாலடியில் நாற்றமும் ஈரமும் தெரியும். கருப்பை வாய் மூடியிருந்தால் ஒன்றுமே தெரியாது, அதுதான் மோசம். வெயிலால்தான் தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதனால் அளந்து பாருங்கள். காலையில் 4 லிட்டரை அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மீதியை அளக்க வேண்டும். தோட்டத்துப் பக்கெட், தொட்டி எல்லாவற்றையும் அன்றைக்கு மூடிவையுங்கள். 30 கிலோ நாய் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடிக்கும், இந்த வெயிலில் கொஞ்சம் கூடும். 3 லிட்டரைத் தாண்டினாலோ, அதனுடன் தீனியும் குறைந்தாலோ அன்றே வயிற்று ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். சீழ் என்று உறுதியானால் கருப்பையை எடுப்பதுதான் நிலையான வைத்தியம். அப்படி ஒன்றும் இல்லையென்றால், பொய்ச்சினை முழுக்க அடங்கிய பிறகு கருத்தடை செய்துவிடுங்கள். மடியில் பால் இருக்கும்போது செய்யக்கூடாது.

காய்ச்சல் அடிக்கும் நாயும் குளிர்ந்த மண்ணைத் தேடும். சூட்டுக்காகப் படுத்த நாய் சாப்பாட்டுத் தட்டு சத்தம் கேட்டால் மண்ணை உதறிக்கொண்டு ஓடிவரும். நோயாளி நாய் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும். வெப்பத்தை அதிகாலையில் பாருங்கள். மதியம் பார்த்தால் வெயில் சூட்டையும் சேர்த்துக் காட்டும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஒரு அங்குலம் நுழைத்து, பக்கச்சுவரைத் தொடும்படி பிடியுங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. அதிகாலையில் 103-க்கு மேல் இருந்தால் காய்ச்சல். உண்ணிக் காய்ச்சல்கள் நம் ஊரில் சகஜம். ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ, மூத்திரம் டீ நிறத்தில் போனாலோ காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருக்கிறதே என்று பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ கொடுக்காதீர்கள். நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை அவை.

வயிற்றுச் சிவப்புக்குச் சூட்டுக் கட்டி, மண் உராய்வு, தெள்ளுப்பூச்சி என்று பல காரணம் இருக்கலாம். நிழலான ஈரமண்ணில் படுக்கும் நாய்க்கு, குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவை மறக்கக்கூடாது. அதன் குஞ்சுப்புழு தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். மண் படும் இடங்களான அடிவயிறு, விரலிடுக்கு, முழங்கை ஆகியவற்றில் சிவப்புப் பொரி வரும். நாயின் மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, பூச்சி மாத்திரை போடுங்கள். வழக்கமான கூட்டு மாத்திரை 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் வரும், உங்கள் நாய்க்கு மூன்று. பிராண்டுக்குப் பிராண்டு மாறும் என்பதால் அட்டையைப் படித்து எடையைச் சரிபார்க்கவும். தசையில் ஒளிந்திருக்கும் புழு பிறகு குடலுக்கு வரும், ஆகவே மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு முறை. அதற்குப் பின் 3 மாதத்துக்கு ஒரு தடவை. பறிப்பதோடு மண்ணைத் தின்னவும் செய்தால் இரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அரளியின் வேர், தண்டு, இலை, பூ அத்தனையும் இதயத் துடிப்பைக் குலைக்கும் விஷம். பறிக்கும் நாய் வேரைக் கடிக்கும். செடியை எடுத்துவிடுவது நல்லது. மனம் வராவிட்டால் மூன்றடி தள்ளிச் சுற்றிலும் வலை அடியுங்கள். ரோஜாவுக்கு என்ன உரம் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. ஆமணக்குப் புண்ணாக்கு என்றால் இன்றே நிறுத்துங்கள். அதன் வாசனைக்கு நாய் தேடிப் போய்த் தின்னும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வாந்தியும் இரத்தப்போக்கும் தொடங்கும், அந்த விஷத்தை முறிக்க மருந்து கிடையாது. கலப்புப் புண்ணாக்கு மூட்டையிலும் ஆமணக்கு இருக்கும், கடைக்காரரைக் கேட்டு வாங்குங்கள். எலும்புத்தூள் உரமும் நாயைப் பறிக்க வைக்கும். மட்கிய தொழுவுரம் போதும்.

இனி, அதற்கென்று ஒரு குழி. சுவரின் கிழக்குப் பக்கமோ வேப்பமர நிழலோ, மேற்கு வெயில் படாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். 5 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் வெட்டி, ஓரத்தில் ஒரு வரிசை செங்கல் அடுக்குங்கள். இரண்டு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு செம்மண். விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே நிற்கும்படி நிரப்பினால் மொத்தம் 25 கன அடி பிடிக்கும். ஆற்று மணல் விற்கும் விலைக்கு எம்-சாண்ட் போடலாமா என்று கேட்பீர்கள். அது உடைத்த கல், முனைகள் கூர்மையானவை, பாதத்தையும் வயிற்றையும் உராயும். கட்டட வேலையில் மிஞ்சிய பழைய ஆற்று மணலைச் சலித்துப் போடுங்கள். காலையும் மாலையும் ஒரு குடம் தண்ணீர் தெளித்தால் போதும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக்கூடாது. சேறாக விட்டால் விரலிடுக்கு ஊறி வெந்துபோகும். வாரம் ஒரு நாள் மண்வெட்டியால் கிளறி நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த மண்ணில் கொக்கிப்புழு பிழைக்காது. இரவில் வலை போட்டு மூடாவிட்டால் தெருப்பூனை கழிப்பறையாக்கிவிடும்.

முதல் சில நாள் அது பார்க்கும்படியே மூன்று அங்குலம் ஆழத்தில் பந்தைப் புதையுங்கள். பறித்து எடுத்த நொடியில் ஒரு துண்டு பிஸ்கட். ரோஜாப் பக்கம் பறிக்கும்போது கையும் களவுமாகப் பிடித்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இங்கே அழைத்து வாருங்கள். பறித்து முடித்த பிறகு கண்டித்தால் எதற்கென்று அதற்குப் புரியாது. பழைய குழிகளை மூடி, மேல்மண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே கோழிவலையை விரித்து, கம்பி முனைகளை உள்ளே மடக்கிவிடுங்கள். மிளகாய்த்தூள் தூவுவது, பாச்சா உருண்டை போடுவது இரண்டும் வேண்டாம். முன்னது கண்ணைக் கெடுக்கும், பின்னது விஷம். சூடு தணியும் என்று முடியை ஒட்ட மழிப்பதும் தவறு; அந்த ரோமம்தான் வெயிலையும் தடுக்கிறது. சீவி உதிர்முடியை எடுங்கள், போதும்.

குழி இருக்கிறது என்று மதியத்தில் தோட்டத்தில் கட்டிப்போட்டுவிடாதீர்கள். இரைப்பு நிற்காமல், எச்சில் கெட்டியாக ஒழுகி, ஈறு செங்கல் நிறமாகித் தள்ளாடினால் வெப்பத்தாக்கு. உடனே நிழலில் போட்டு, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மின்விசிறியை வையுங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் அந்த நேரம் வெந்நீராக இருக்கும், நிழலில் பிடித்து வைத்த தண்ணீரே வேண்டும். ஈரத் துணியைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளே அடைபடும். உடல் வெப்பம் 103-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எழுந்து நடந்தாலும் போகத்தான் வேண்டும். சிறுநீரகமும் இரத்தம் உறையும் தன்மையும் அடுத்த இரண்டு மூன்று நாளில் கெடலாம்.

குழந்தையை அந்தத் தோட்டத்தில் வெறுங்காலோடு விடாதீர்கள். அதே கொக்கிப்புழு மனிதத் தோலுக்குள் வளைந்து வளைந்து போகும் சிவப்புக் கோடாக வரும், அரிப்பு தாங்காது. உருண்டைப்புழு முட்டை மண் ஒட்டிய விரல் வழியாக வாய்க்குள் போகும். நாயின் மலத்தில் வரும் முட்டை, தொற்றும் புழுவாக மாற சில நாள் ஆகும் என்பதால், அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் மண்ணில் சேராது. குழந்தைக்கு விளையாட மணல் வேண்டுமென்றால் நாய் போகாத மொட்டை மாடியில், மூடி போட்ட தொட்டியில் தனியாக வையுங்கள்.