இட்லி ஏன் நெஞ்சில் நின்றது?

கேள்வி: எனக்கு வயது 44. எடை 112 கிலோவாக இருந்தது. முழங்கால் வலி, சர்க்கரை இரண்டும் உண்டு. மூன்று வாரங்களுக்கு முன் எடை குறைய வயிற்றில் ‘பேண்ட்’ போடும் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். முதல் பத்து நாள் பசியே இல்லை. 5 கிலோ குறைந்தது. இப்போது பழையபடி பசிக்கிறது, எடை அசையவில்லை. நேற்று அரை இட்லி சாப்பிட்டதும் நெஞ்சில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் குடித்துப் பார்த்தேன், எல்லாம் நுரை நுரையாக வெளியே வந்துவிட்டது. விலாவுக்குக் கீழே கட்டிபோல ஒன்று கையில் தட்டுப்படுகிறது. “இட்லிகூட இறங்காவிட்டால் உடம்பு எப்படித் தேறும்” என்று மாமியார் ஆட்டுக்கால் சூப்போடு நிற்கிறார். இத்தனை பணம் செலவழித்தும் சிகிச்சை தோற்றுவிட்டதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: தோற்கவில்லை, அம்மா. உங்கள் சிகிச்சை இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போதே இதை உங்களுக்குப் புரியும்படி யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிப் போட்டிருக்கும் அந்தச் சிலிகான் வளையத்தின் உட்பக்கம் சைக்கிள் ட்யூப் மாதிரி. அதில் உப்புநீர் ஏற்றினால்தான் இறுகும். இறுகினால்தான் கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வு வரும். அறுவை சிகிச்சை அன்று பெரும்பாலும் வளையத்தைக் காலியாகவோ தளர்வாகவோ விட்டுவிடுவார்கள். முதல்முறை நீர் ஏற்றுவது வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்துத்தான். முதல் பத்து நாள் உங்களுக்குப் பசிக்காததற்கு உள்ளே இருந்த வீக்கமும் அசதியும் காரணம். வீக்கம் வடிந்தது, பசி வந்துவிட்டது. குறைந்த 5 கிலோவிலும் கணிசமான பங்கு உடம்பிலிருந்த நீர்தான். வளையத்தைச் சரியாக இறுக்கிய பிறகு வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ குறைந்தாலே நல்ல வேகம். அதுவரை தினமும் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி இறங்கி மனத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

“தளர்வாக இருக்கிறது என்றால் இட்லி ஏன் நின்றது?” என்று கேட்பீர்கள். தளர்வாக இருந்தாலும் பாதை முன்பைவிடக் குறுகல்தான். காய்ச்சல்காரருக்கும் கைக்குழந்தைக்கும் இட்லி கொடுத்தே பழகிய ஊர் நம்முடையது. அதனால் உங்களுக்கோ மாமியாருக்கோ அதன்மேல் சந்தேகமே வந்திருக்காது. ஆனால் சரியாக மெல்லாத இட்லி உமிழ்நீரில் ஊறிப் பிசைந்த மாவு உருண்டையாகிவிடும். ரொட்டி, சப்பாத்தி, குழைந்த சோறு எல்லாம் அதே குணம். பாதையில் உருண்டை நிற்கும்போது மேலே தண்ணீர் ஊற்றினால் அது இறங்காது. தண்ணீருக்கும் போக வழியில்லாமல் உமிழ்நீரோடு சேர்ந்து நுரையாகத் திரும்பும். நேற்று நடந்தது அதுதான்.

மறுபடி இப்படி ஆனால் உடனே சாப்பிடுவதை நிறுத்துங்கள். குடிக்கவும் வேண்டாம். எழுந்து மெல்ல நடங்கள். அடைப்பு விலகிய பிறகு ஒரு நாள் முழுக்கத் திரவ உணவுக்கே திரும்பிவிடுங்கள், ஏனென்றால் அந்த இடம் வீங்கியிருக்கும். நேற்றைய வாந்தியை இன்றே உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவருக்குப் போன் செய்து சொல்லுங்கள். வளையம் தன் இடத்தில் திசுக்களோடு ஒட்டி உறுதிப்பட ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். அதற்குள் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் வளையம் நழுவலாம், அதன் கீழிருந்து இரைப்பை மேலே பிதுங்கலாம். முதலில் திரவம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது என்று படிப்படியாகப் போகச் சொல்வது இதற்காகத்தான். மூன்றாவது வாரத்தில் நீங்கள் மசித்த உணவில் இருக்க வேண்டும்: மிக்ஸியில் அடித்த பருப்பு, கட்டியில்லாத கேழ்வரகுக் கூழ், தயிர். பருப்புத் தண்ணீரையும் ரசத்தையும் குடித்துவிட்டுச் சத்து சேர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பொதுவாக ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் தேவை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். திட உணவுக்கு வந்த பிறகு சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள். அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

இன்னொன்று. இட்லி அடைக்கும், ஐஸ்கிரீமும் பாயசமும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வளையத்துக்கு இனிப்பைத் தடுக்கத் தெரியாது. இறங்குவதையே சாப்பிடுவோம் என்று அந்தப் பக்கம் சாய்ந்தவர்கள் எடை ஏறித் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

விலாவுக்குக் கீழே தட்டுப்படுவது பெரும்பாலும் ‘போர்ட்’. உப்புநீர் ஏற்ற ஊசி குத்தும் வாய் அது. மெலிய மெலிய இன்னும் தெளிவாகத் தட்டுப்படும். அங்கே சிவந்தாலோ, சுட்டாலோ, நீர் வடிந்தாலோ காட்டுங்கள். அந்த வேலைக்குத் தனி ஊசி உண்டு. சாதாரண ஊசியோடு வேறு யாரையும் அதன் பக்கம் விடாதீர்கள்.

சர்க்கரைதான் எனக்குக் கவலை. நீங்கள் என்ன மாத்திரை என்று எழுதவில்லை. கிளிமெபிரைடு போன்றதாகவோ இன்சுலினாகவோ இருந்தால், சாப்பாடு கால்வாசியாகிவிட்ட நிலையில் பழைய அளவையே எடுத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். அளவை மாற்றுவது பற்றி இந்த வாரமே மருத்துவரிடம் பேசுங்கள். மாத்திரை பெரிதாக இருக்கிறது என்று நீங்களாகப் பொடிக்கவும் வேண்டாம், எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று போட்டவற்றைப் பொடித்தால் நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், இரைப்பையில் புண் வரும்.

உமிழ்நீர்கூட விழுங்க முடியாவிட்டால், தண்ணீர் தங்காவிட்டால், காய்ச்சல், விடாத படபடப்பு, கடும் வயிற்று வலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் என்று எது வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி நாள்கணக்கில் நீடித்துப் பார்வை இரட்டையானாலோ, நடை தள்ளாடினாலோ வைட்டமின் பி1 குறைந்திருக்கலாம். அதுவும் அவசரம்தான்.

வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் இந்த வளையத்தை முதலில் பொருத்தியது 1993இல், பெல்ஜியத்தில். 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்து, கொஞ்ச காலம் கொடிகட்டிப் பறந்தது. இன்று இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ‘ஸ்லீவ்’ முறைதான் அதிகம். அதனால் வளையத்தை இறுக்கித் தளர்த்தத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார்கள். எந்த நிறுவனம், எந்த மாடல், எத்தனை மில்லி கொள்ளும் என்று எழுதி வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஒவ்வொரு முறை எவ்வளவு ஏற்றினார்கள் என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

மாமியாரை விரட்ட வேண்டாம். சூப்பை ஆறவைத்து மேலே படியும் கொழுப்பை வழித்துவிட்டு, மிளகைக் குறைத்து, வடிகட்டி ஒரு சிறு டம்ளரில் தரச் சொல்லுங்கள். அரை மணி நேரம் வைத்துக்கொண்டு, மிடறு மிடறாகக் குடியுங்கள்.