கம்யூனிட்டி காலேஜில் ஆசிரியர் படிப்பு: கேட்டவர்களுக்குப் பதில்

டெக்ஸாஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ் இன் டீச்சிங் (சுருக்கமாக ஏஏடி) படித்து, அப்புறம் பல்கலைக்கழகத்துக்கு மாறி, இப்போது இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். நான் சொல்வதெல்லாம் டெக்ஸாஸ் கணக்கு, மற்ற மாநிலங்களில் விதி மாறும்.

கேள்வி: இரண்டு வருடம் முடித்தால் டீச்சர் ஆகிவிடலாமா அக்கா?

பதில்: அதை மட்டும் வைத்து வகுப்பாசிரியர் சான்றிதழ் வாங்க முடியாது, இளங்கலைப் பட்டம் வேண்டும். ஏஏடியின் 60 கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பு அலகு) என்பது பாதி வழி. ஆனால் டீச்சர் எய்ட் (வகுப்பில் ஆசிரியருக்கு உதவியாளர்) வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

கேள்வி: ஏஏடி, ஏஏஎஸ் இரண்டும் ஒன்றுதானே? ஏஏஎஸ் வகுப்பு மாலையில் இருப்பதால் எனக்கு வசதி.

பதில்: ஒன்றே இல்லை, இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ஏஏஎஸ் (அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயின்ஸ்) நேராக வேலைக்குப் போகிறவர்களுக்கானது, டேகேர் (குழந்தைகள் காப்பகம்) மாதிரி இடங்களுக்குச் சரி. பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது அதில் பல கிரெடிட்டுகள் செல்லாமல் போகலாம். ஏஏடியை டிரான்ஸ்ஃபருக்காகவே வடிவமைத்திருக்கிறார்கள், அதிலும்கூட கண்ணை மூடிக்கொண்டு சேராதீர்கள். எந்தப் பல்கலைக்கழகம் போகப் போகிறீர்களோ அதன் பாடப் பட்டியலை முதல் செமஸ்டரிலேயே கையில் வைத்துக்கொள்ளுங்கள். அட்வைசர் சொன்னாரே என்று நான் சாதாரண அல்ஜீப்ரா எடுத்தேன், போன இடத்தில் 'மேத்தமேட்டிக்ஸ் ஃபார் டீச்சர்ஸ்' இரண்டு பாடமும் எங்கே என்றார்கள், ஒரு கோடை விடுமுறை முழுக்க அதிலேயே போச்சு. (பாடம் என்னவோ அருமையான பாடம். பின்னம் ஏன் அப்படி வகுபடுகிறது என்று அங்கேதான் எனக்கே புரிந்தது.)

கேள்வி: ஊரில் பி.எஸ்சி., பி.எட். முடித்தேன். மறுபடி முதலிலிருந்தா?

பதில்: ஐயோ, வேண்டாம்! உங்கள் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள், இங்கத்திய இளங்கலைக்குச் சமம் என்று வந்தால் ஆல்டர்நேட்டிவ் சர்டிஃபிகேஷன் (ஏற்கெனவே பட்டம் உள்ளவர்கள் ஆசிரியர் சான்றிதழ் வாங்கும் மாற்று வழி) வழியில் போய்விடலாம். மூன்று வருடப் பட்டத்தை எல்லா மதிப்பீட்டு நிறுவனமும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை, அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகம் தரும் மதிப்பெண் ஆவணம்) வாங்க ஊரில் யாராவது பல்கலைக்கழக ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும், அதை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.

கேள்வி: எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான விசா) படிக்கலாமா? பெல் கிராண்ட் (மத்திய அரசின் படிப்பு உதவித்தொகை) கிடைக்குமா?

பதில்: படிக்கலாம், எஃப்-1 (மாணவர் விசா) தேவையில்லை. பெல் கிராண்ட் கிடைக்காது. இஏடி (வேலை பார்க்கும் அனுமதி அட்டை) இல்லாமல் சம்பளத்துக்கு எய்ட் வேலை பார்க்கவும் முடியாது. காலேஜ் டிஸ்ட்ரிக்டுக்குள் (அந்தக் காலேஜின் எல்லைப் பகுதி) குடியிருப்பவர்களுக்குக் கட்டணம் குறைவு, எல்லைக்கு வெளியே ஒரு தெரு தள்ளி வீடு எடுத்தால்கூட கூடிவிடும், எனவே வாடகை வீடு பார்க்கும்போதே இதையும் பாருங்கள்.

கேள்வி: அப்சர்வேஷனுக்கு (வகுப்பு நடப்பதைக் கவனிக்க) பள்ளிக்குப் போகணுமாமே, என் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

பதில்: பாடம் நடத்தச் சொல்ல மாட்டார்கள். 1301, 2301 என்று இரண்டு கல்விப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 16 மணி நேரம். பின்னால் உட்கார்ந்து கவனித்து எழுத வேண்டும், அவ்வளவுதான். முதல் நாளே ஒரு பொடியன் வந்து ஷூ லேஸைக் கட்டிவிடச் சொல்லிக் காலை நீட்டினான், என் பயமெல்லாம் அத்தோடு சரி. உண்மையான தொல்லை பள்ளிக்குள் போகும் முன் முடிய வேண்டிய பின்னணிச் சோதனைதான். என்னோடு படித்தவர் அக்டோபரில் விண்ணப்பித்துவிட்டு, நவம்பரில் 16 மணி நேரத்தையும் இரண்டே வாரத்தில் ஓடி ஓடி முடித்தார். நீங்கள் முதல் வாரமே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.