கேசினோ மேலாளர் சம்பளம்: கையில் எவ்வளவு நிற்கும்?

தம்பி, கேசினோ சூதாட்ட மேசையில் சீட்டுப் போடும் டீலர் வேலையிலிருந்து ஷிப்ட் மேலாளராகப் போவதென்றால், அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் (நெவாடா), அட்லாண்டிக் சிட்டி (நியூ ஜெர்சி), பிலாக்சி (மிசிசிப்பி) மூன்றில் எங்கே போனால் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் லாஸ் வேகாஸைத்தான் சொல்வேன்.

முதலில் டிப்ஸ் விஷயம். பெரிய கேசினோக்களில் டீலருக்கு அடிப்படைச் சம்பளத்தைவிட டிப்ஸ்தான் சோறு போடுகிறது. மேலாளர் ஆனதும் அந்தப் பங்கு நின்றுவிடும். ஊழியர்களின் டிப்ஸில் மேலாளர் கை வைக்கக் கூடாது என்று 2018-இல் மத்தியச் சட்டத்திலேயே திருத்தம் வந்துவிட்டது. ஆகவே புதுச் சம்பளத்தை உங்கள் பழைய மணிக்கூலியோடு ஒப்பிடாதீர்கள். முதலாளி ஆண்டுதோறும் தரும் சம்பளக் கணக்கான டபிள்யூ-2 படிவத்தில், போன ஆண்டுக்கு டிப்ஸும் சேர்ந்து வரும் மொத்தத் தொகை இருக்கிறதே, அதோடு ஒப்பிடுங்கள். பதவி உயர்ந்தும் வருமானம் குறைந்தவர்கள் இந்தத் தொழிலில் நிறைய உண்டு.

நெவாடாவில் மாநில வருமான வரி கிடையாது. மற்ற இரண்டு மாநிலங்களிலும் உண்டு. மத்திய வரியும், சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) இரண்டுக்குமான 7.65 சதவீதப் பிடித்தமும் எங்கே போனாலும் விடாது.

பிலாக்சியில் வாடகை குறைவு என்பது உண்மைதான். ஆனால் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் காப்பீட்டை விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2005-இல் கத்ரீனா புயல், தண்ணீரில் மிதந்த கேசினோக்களையே கரையில் தூக்கிப் போட்ட ஊர் அது. வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். புயல்காற்றுக்கும் பெரும்பாலும் தனியாகத்தான் கட்ட வேண்டியிருக்கும். நியூ ஜெர்சியிலோ வீட்டு வரி நாட்டிலேயே மிக அதிகம். வேகாஸும் மலிவான ஊர் இல்லை. வாடகை கூடுதல், கோடையில் 40 டிகிரிக்கு மேல் வெயில் கொளுத்தும்போது ஏசியை இரவில்கூட நிறுத்த முடியாது, மின்கட்டணம் அதற்கேற்ப வரும்.

இருந்தும் ஏன் வேகாஸ்? அட்லாண்டிக் சிட்டியில் இருந்த 12 கேசினோக்களில் நான்கு 2014 என்ற ஒரே ஆண்டில் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அதே சிறிய ஊரில் வேலை தேடினார்கள். வேகாஸில் கேசினோக்கள் நிறைய; ஒரு கேசினோவில் வேலை போனாலும், வீட்டையும் பிள்ளைகளின் பள்ளியையும் மாற்றாமலே வேறொன்றில் தேடலாம். புதிதாக வந்த குடும்பத்துக்கு இந்தப் பாதுகாப்பு, மாதம் சில நூறு டாலர் மிச்சத்தைவிட முக்கியம்.

வேலைக் கடிதம் வந்ததும் அடிப்படைச் சம்பளம், போனஸ், மருத்துவக் காப்பீட்டில் உங்கள் பங்கு, எந்த ஷிப்ட் என்ற விவரங்களை எழுதுங்கள். இரவு ஷிப்ட் என்றால் குழந்தைப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.