ராமேஸ்வரம் பிரகாரத்தில் இல்லாத வளைவு செனட் ஹவுஸில் ஏன்?

ராமேஸ்வரம் மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண்கள் இருந்தும் ஒரு வளைவு இல்லை, சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் தாழ்வாரத்திலோ எங்கு பார்த்தாலும் வளைவு, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கல்லின் குணம்தான் காரணம். மேலிருந்து அழுத்தினால் கல் பெரும் பாரத்தையும் தாங்கும். நடுவில் தொய்ய விட்டால் விரிசல் விட்டுவிடும். பிரகாரத்தின் கூரை தட்டையான பலகைக்கல். அது நீண்டுபோனால் தன் கனத்திலேயே அடிப்பக்கம் பிளக்கும். அதனால்தான் தூண்களை நெருக்கி நட்டார்கள். அடுத்த முறை போகும்போது ஒரு தூணடியில் நின்று அண்ணாந்து பாருங்கள்: போதிகை, அதாவது தூணின் தலையில் இருக்கும் தாங்குகல், கை நீட்டி, பலகைக்கல்லுக்கான இடைவெளியைக் குறைத்துக் கொடுக்கும். எனக்கு அந்த இடம் அவ்வளவு பிடிக்கும். தீவில் இருப்பது மணலும் பவளப்பாறையும்தான். கருங்கல் முழுக்கக் கடல் தாண்டி வந்தது!

சரி, செனட் ஹவுஸ். 1874 முதல் 1879 வரை ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசோம், இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டடக் கலைகள் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணியில் கட்டியது. பெரும்பாலும் செங்கல், கூடவே தலைப்பகுதி செதுக்கிய கனத்த கல்தூண்கள். வளைவில் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை நெருக்கியே நிற்பதால் சின்னச் சின்ன செங்கலைக் கொண்டே அகலமான திறப்பை மூடிவிடலாம். ஆனால் வளைவு பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலுக்குத்தான் இரு முனையிலும் கனமான தாங்கல் வேண்டும்.