லென்ஸுக்கு ஃபில்டர் வேண்டுமா?

கேள்வி: புது லென்ஸ் வாங்கினேன். அதன் முன்னால் மாட்டும் யூவி (புற ஊதா) ஃபில்டர் கண்ணாடியும் கட்டாயம் என்கிறார் கடைக்காரர். போடலாமா?
– வாசகர், ரோஸ்ஹில், மொரீசியஸ்

பதில்: கட்டாயமெல்லாம் இல்லை. ஃபிலிம் காலத்தில் புற ஊதாக் கதிர் தூரத்து மலைகளை மங்கலாக்கும்; அதற்காக வந்தது இந்த ஃபில்டர். டிஜிட்டல் கேமராவில் படத்தைப் பதியும் சென்சாருக்கு முன்னாலேயே அந்தத் தடுப்பு இருக்கிறது.

தெற்கே கிரிகிரி கடற்கரைக்குப் போனால் மட்டும் நான் மாட்டுவேன். அங்கே பவளத்திட்டு இல்லாததால் அலை நேராகப் பாறையில் மோதி உப்புத் தூறல் முகத்தில் அடிக்கும். ஃபில்டரைக் கழற்றி அலசலாம். லென்ஸை அலச முடியுமா?

தீமிதிக்குப் போனால் கழற்றிவிடுங்கள். இருட்டில் எரியும் டியூப்லைட், ஃபில்டரில் எதிரொளித்துப் படத்தின் எதிர் மூலையில் பச்சையாக இன்னொரு தடவை விழும். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சில்லாத மலிவு ஃபில்டர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இடிபடாமல் காக்க ஹூட் (லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு) போதும். அதை முதலில் வாங்குங்கள்.