கார்ல் ஜென்கின்ஸ்: கொண்டாடுகிறவர்களும் முகம் சுளிக்கிறவர்களும் (கேள்வி பதில்)

வேல்ஸ் நாட்டு இசையமைப்பாளர் கார்ல் ஜென்கின்ஸ் பற்றி வந்த கேள்விகளில் பாதி, "இவரை ஏன் இப்படித் திட்டுகிறார்கள்?" என்று கேட்கின்றன. மீதிப் பாதி, "இவரை ஏன் இப்படித் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?" என்று. நான் இங்கிலாந்தில் ஓர் அமெச்சூர் கொயரில், அதாவது சேர்ந்து பாடும் குழுவில், டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாடுகிறவன். அவருடைய இசையை உட்கார்ந்து கேட்டதைவிட நின்று பாடியதுதான் அதிகம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

முதலில் ஆள் யார் என்று சொல்லுங்கள் சார். எனக்குப் பெயரே புதிது. – பிரபு

1944-ல் வேல்ஸில் பென்க்ளாட் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். ஜென்கின்ஸ் கார்டிஃபிலும் லண்டன் ராயல் அகாடமியிலும் படித்துவிட்டு நேராக ஜாஸுக்குப் போனார். ஓபோ என்ற வாத்தியத்தை ஜாஸில் வாசித்த சொற்பப் பேரில் ஒருவர். நியூக்ளியஸ், பிறகு சாஃப்ட் மெஷின் ஆகிய குழுக்களில் இருந்தார். அப்புறம் விளம்பரங்களுக்கு இசை. உலகம் அறிந்த ஜென்கின்ஸ் ஐம்பது வயதை ஒட்டித்தான் வந்தார்: 1995-ல் 'அடியெமஸ்' ஆல்பம், 2000-ல் கொயரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த 'தி ஆர்ம்டு மேன்'. 2015-ல் சர் பட்டம்.

அடியெமஸ் பாட்டில் வருவது என்ன மொழி அண்ணா? லத்தீன் என்கிறார் ஒருவர், ஆப்பிரிக்க மொழி என்கிறார் இன்னொருவர். – ஷாலினி

எந்த மொழியும் இல்லை. அவரே கோத்த அசைகள். பொருள் குறுக்கே வராமல் குரலை ஒரு வாத்தியமாகப் பயன்படுத்த நினைத்தார். ஆங்கில விமர்சகர்கள் சிலருக்கு இது பித்தலாட்டமாகப் பட்டது. தில்லானா கேட்டு வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. எனக்குள்ள குறை வேறு. அந்த அசைகளை எங்கோ தூரத்துப் பழங்குடி மொழி போல ஒலிக்க வைத்திருக்கிறார். எந்த ஊருக்கும் கட்டுப்படாத ஒரு 'உலக இசை' வாசனை. தொண்ணூறுகளில் அதற்கு நல்ல சந்தை இருந்தது. முதல் பாட்டு இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் நாலாவது பாட்டிலேயே சலிப்புத் தட்டும்.

விமான நிறுவனத்துக்கும் வைரக் கம்பெனிக்கும் மெட்டுப் போட்டவரை கிளாசிக்கல் இசையமைப்பாளர் என்று எப்படிச் சொல்வது? – ரகு

அடியெமஸ் டெல்டா ஏர்லைன்ஸ் விளம்பரத்தில் வந்ததும், 'பல்லாடியோ' என்ற தந்தி வாத்திய இசை டி பியர்ஸ் வைர விளம்பரத்தில் பிறந்ததும் உண்மை. ஆனால் பிரபுக்களின் விருந்துக்கு எழுதிப் பிழைத்த ஹைடனை நாம் ஒதுக்கிவிடவில்லை. காசு எங்கிருந்து வந்தது என்பது விஷயமில்லை, விளம்பரம் ஓய்ந்த பிறகும் அந்த இசை நிற்கிறதா என்று பாருங்கள். பல்லாடியோ நின்றுவிட்டது. பள்ளி ஆர்கெஸ்ட்ராக்கள் விடாமல் வாசிக்கின்றன. வயலின் படிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தானும் பெரிய வித்வான் என்ற மிடுக்கைத் தரக்கூடிய ஆக்கங்கள் குறைவு, அதில் இது ஒன்று. விவால்டியின் சாயல் தூக்கலாக இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

'ஆர்ம்டு மேன்' எதைப் பற்றியது? அதில் மகாபாரதம் வருகிறதாமே! – கோமதி

வருகிறது. ராயல் ஆர்மரீஸ் என்ற ஆயுத அருங்காட்சியகம் புத்தாயிரத்தை ஒட்டி எழுதச் சொன்ன படைப்பு இது. ஆயுதக் காட்சிசாலை கேட்டு வாங்கியது அமைதிக்கான ஒரு திருப்பலி இசை! 'ஆயுதம் ஏந்தியவனுக்கு அஞ்சு' என்று சொல்லும் பழைய பிரெஞ்சுப் பாட்டு ஒன்று உண்டு. டுஃபாய், ஜோஸ்கின், பாலஸ்த்ரீனா எல்லாரும் அந்த மெட்டை வைத்துத் திருப்பலி இசை அமைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் ஜென்கின்ஸும் போய் நின்றார். எழுதிக்கொண்டிருந்த காலத்தில் கொசோவோ போர் நடந்தது, அதில் மாண்டவர்களுக்கே சமர்ப்பித்தார். 2000 ஏப்ரல் 25 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அரங்கேறியது. குறுந்தகடு வெளியானது 2001 செப்டம்பர் 10. மறுநாள் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன. ஒரு போர் எதிர்ப்பு இசை இப்படி ஒரு நாளில் மக்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மொத்தம் 13 பகுதிகள். ஏழாவது பகுதி 'சார்ஜ்'. எக்காளமும் முழக்கமுமாக வீரம் பேசிக்கொண்டே போய், கடைசியில் கொயர் முழுக்க அலறும். சுரம் கிடையாது, வெறும் அலறல். பிறகு நீண்ட மௌனம். அதன்பின் வீழ்ந்தவர்களுக்காக ராணுவத்தில் ஊதும் 'லாஸ்ட் போஸ்ட்'. எட்டாவது பகுதியில் ஹிரோஷிமா குண்டுவீச்சில் உயிர் தப்பிய கவிஞர் தோகே சாங்கிச்சியின் வரிகள். ஒன்பதாவதில் காண்டவ வனம்.

நாம் காண்டவ தகனத்தைக் கிருஷ்ணார்ஜுனர்கள் அக்னியின் பசி தீர்த்த கதையாகக் கேட்டவர்கள். காண்டீபம் கிடைத்ததுதான் நம் நினைவில் தங்கும். ஜென்கின்ஸ் எடுத்துக்கொண்ட வரிகளில் அர்ஜுனன் இல்லை, எரிந்தபடி திசை தெரியாமல் ஓடும் விலங்குகள் மட்டுமே இருக்கின்றன. ஹிரோஷிமாவுக்கு அடுத்து அதைக் கேட்கும்போது, ஆதிபர்வத்தில் அவ்வளவு பெரிய கொடுமை கிடந்ததை இத்தனை நாள் தாண்டிப் போயிருக்கிறோமே என்று உறைக்கும். இசை என்று பார்த்தால் அந்தப் பகுதி எளிமையானதுதான். எதை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்ற தேர்வில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

அதில் பாங்கும் வருகிறது. தொழுகைக்கு அழைப்பதைக் கச்சேரியில் ஓர் அலங்காரமாக வைப்பது சரியா? – நிஜாம்

நியாயமான கேள்வி. இரண்டாவது பகுதி முழுக்க பாங்கு மட்டும்தான். அதற்கு ஆர்கெஸ்ட்ரா சேர்க்கவில்லை, கொயரும் வாயைத் திறக்காது. அந்த அளவுக்கு மரியாதை காட்டியிருக்கிறார். ஆனால் அது வரும் இடம், படைநடைப் பாட்டு முடிந்த உடனே. 'இவர்களும் போருக்குக் கிளம்புகிறார்கள்' என்று அதைத் தப்பாகப் படிக்க வாய்ப்பிருக்கிறது. இதை எனக்கு எடுத்துச் சொன்னது எங்கள் கொயரிலேயே பாடும் ஒரு நண்பர். தேவாலயத்தில் பாங்கா என்று எதிர்ப்பு வந்து, அந்தப் பகுதியை விட்டுவிட்டுப் பாடும் நிகழ்ச்சிகளும் உண்டு. எனக்கு விடுவதில் உடன்பாடில்லை. வைப்பதானால் முறையாக ஓதத் தெரிந்தவரை அழைத்து வர வேண்டும். கொயரில் குரல் நன்றாக இருக்கிற யாரோ ஒருவர் எழுத்துக்கூட்டி ஓதக்கூடாது.

நான் பியானோ ஆசிரியை. பிரிட்டனின் இன்றைய கிளாசிக்கல் இசை என்றால் இதுதான் என்று என் மாணவர்கள் நினைக்கிறார்கள். எளிமை என்ற பெயரில் சோம்பலை விற்கிறார் இந்த மனிதர். மறுப்பீர்களா? – விசாலாட்சி

பாதியை மறுக்க முடியாது. ஜென்கின்ஸ் ஒரு மெட்டைச் சொல்வார், மறுபடி சொல்வார், டிரம் சேர்த்து மறுபடி சொல்வார். அந்த மெட்டு உடைந்து வேறொன்றாக மாறுவது, எதிர்பாராத இடத்துக்கு ஹார்மனி நகர்வது, இதெல்லாம் அவரிடம் அபூர்வம். பிபிசியின் கனமான கிளாசிக்கல் வானொலியான ரேடியோ 3 கேட்கிறவர்களின் எரிச்சல் இங்கேதான். ஜனரஞ்சகமான கிளாசிக்கல் வானொலியான கிளாசிக் எஃப்எம் நேயர்களோ ஆண்டுதோறும் வாக்களித்து 'ஆர்ம்டு மேனை' உயரத்தில் வைக்கிறார்கள். இரு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்: அடுத்து என்ன வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஒருவருக்கு அது ஆறுதல், இன்னொருவருக்கு அவமானம்.

மறுக்கும் பாதிக்கு வருகிறேன். 'சோம்பல்' என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அரங்கில் நாற்காலியில் இருந்தவர்கள். எங்களைப் போன்ற கொயரில் ஓய்வுபெற்ற தபால்காரர் இருப்பார், நர்ஸ் இருப்பார். பாதிப் பேருக்கு நொட்டேஷன் தட்டுத்தடுமாறித்தான் வரும். வாரம் ஒரு மாலைதான் ஒத்திகை. அவர்களை வைத்து ஒரு முழு மாலைக் கச்சேரியை ஒப்பேற்ற வேண்டும், பாடுகிறவர்களுக்கும் தொண்டை அடைக்க வேண்டும். ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) வரிசைக்கு எப்போதும் மிஞ்சுவது ஒரே சுரத்தில் நிற்கும் வேலைதான். இவர் அவர்களுக்கும் பாடும்படி ஏதாவது எழுதுகிறார். மூச்சு எங்கே வாங்குவது என்று தெரிந்து எழுதுகிறார். சோம்பேறிக்கு இந்த அக்கறை இருக்காது. 2018-ல் முதல் உலகப்போர் முடிந்த நூற்றாண்டுக்கு பெர்லினில் சுமார் 2000 பேர் கூடி 'ஆர்ம்டு மேன்' பாடினார்கள். அப்படி ஒரு கூட்டத்தை வைத்து, கடினமான நவீன இசை எழுதிய பர்ட்விசிலைப் பாட முடியாது.

பர்ட்விசில் பெயரை எடுத்தது காரணமாகத்தான். அடியெமஸ் ஆல்பம் வந்த அதே 1995-ல், லண்டனில் ஆண்டுதோறும் நடக்கும் பிபிசி ப்ராம்ஸ் இசை விழாவின் நிறைவு இரவில் ஹாரிசன் பர்ட்விசிலின் 'பேனிக்' வாசிக்கப்பட்டது. சாக்ஸபோனும் டிரம்ஸும் முட்டி மோதும் முரட்டுத்தனமான இசை. கொடி அசைக்கக் காத்திருந்த நேயர்கள் பிபிசிக்கு போன் போட்டுத் திட்டினார்கள். இரண்டும் ஒரே நாட்டில் ஒரே ஆண்டில் பிறந்தவை. உங்கள் மாணவர்களுக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். பிறகு இரண்டுக்கும் நடுவே ஜேம்ஸ் மக்மில்லனின் 'இசபெல் கௌடியின் வாக்குமூலம்'. சூனியக்காரி என்று பழிசுமத்தப்பட்ட ஸ்காட்லாந்துப் பெண்ணுக்கு எழுதிய இரங்கல் அது. 1990 ப்ராம்ஸில் கேட்டவர்களும் விமர்சகர்களும் சேர்ந்தே கைதட்டினார்கள். ஜென்கின்ஸைவிட அது ஒரு படி மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

முடிசூட்டு விழாவில் மாறுவேடத்தில் வந்த மேகன் இவர்தானா?! – தினேஷ்

இளவரசர் ஹாரியின் மனைவி மேகன்தான் மாறுவேடத்தில் வந்திருக்கிறார் என்று இணையத்தில் கிண்டலடித்தார்களே, அந்தப் பெரிய மீசைக்காரர் இவர்தான். 2023-ல் சார்ல்ஸ் மன்னரின் முடிசூட்டு விழாவில் இவர் எழுதிய ஹார்ப் இசை ஒலித்தது, அதனால் வந்திருந்தார். மீசை சொந்த மீசைதான் என்று வீடியோ போட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று.

முழுக்கக் கேட்கப் பொறுமையில்லை ஐயா. எங்கே தொடங்கலாம்? – யோகா

'ஆர்ம்டு மேனில்' 7, 8, 9 மூன்றையும் நிறுத்தாமல் கேளுங்கள். பிறகு 12, 'பெனடிக்டஸ்'. செல்லோ தனியாகத் தொடங்கும், கொயர் மெல்ல வந்து சேரும். நடுவில் 'ஹோசன்னா' வெடிக்கும் இடம் எனக்குக் கொஞ்சம் அதிகப்படி. 13-ன் கும்மாளத்தை ஓட்டிவிட்டு, வாத்தியமே இல்லாமல் பாடும் அதன் முடிவுக்குப் போய்விடலாம். அடியெமஸில் முதல் பாட்டு போதும்.

அதற்குப் பிறகும் ஆர்வம் இருந்தால் 2016-ல் வந்த 'கண்டாட்டா மெமோரியா'. 1966-ல் வேல்ஸில் அபர்வான் ஊர்ப் பள்ளியின் மேல் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து 116 குழந்தைகள் இறந்தார்கள், பெரியவர்களையும் சேர்த்து 144 பேர். அதன் ஐம்பதாம் ஆண்டுக்கு எழுதியது. இவரைத் திட்டுகிற நண்பர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது அதைத்தான்.